நாற்பத்துநான்காவது காசு

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கலீலுர் றஹ்மான். இரண்டு நாளாய்ச் சவரம் செய்யாத முகம்.

கிண்ணியாவில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஸுஹைர். மடியில் ஒரு மண்பானை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் துஷாந்தி.

அவளுடைய தம்பி வினோஜன். வாசலில் நிற்கும் ஓட்டோ அவனுடையது.

ஐந்தாவது ஆள், வீட்டுக்காரர் தங்கத்துரை.

அவர் தரையில் கிடந்தார்... வெள்ளைத் துணிக்கு அடியில்!

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு சீமெந்துக் கப்பல் ஊதி ஓய்ந்தது. நீதவான் வரும்வரை யாரும் நகரக் கூடாது.

பின்மண்டையில் ஒரே அடி. மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த நங்கூரச் சங்கிலிக் கண்ணியால் அடித்திருக்கிறார்கள். நேற்று மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் என்றார் டாக்டர். அந்த நேரம் ஒழுங்கையில் ஒரு ஓட்டோ நின்றதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வினோஜனோ ஆளேற்றிக்கொண்டு கப்பல்துறைக்கு ஹயர் போனதாகச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் அதை முழுதாக நம்பவில்லை. ஆனால் ஸுஹைரை அதைவிட நம்பவில்லை. பிணத்தைக் கண்டு பொலிசுக்குப் போன் அடித்தவர் ஸுஹைர். தங்கத்துரையின் பானை அவர் கையில்!

பானையில் பழைய சீனக் காசுகள். நடுவில் சதுர ஓட்டை போட்ட வெண்கலக் காசுகள். கடலில் சங்கு குளித்தவன் ஒருவன் எடுத்தது. தங்கத்துரை, ஸுஹைர், துஷாந்தி மூவருக்கும் அதுதான் பொழுதுபோக்கு. ஞாயிறுதோறும் கூடி, எந்த அரசன், எந்த ஆண்டு என்று மல்லுக்கட்டுவார்கள். வெள்ளிக்கிழமையே பானையை எடுத்துப்போய்விட்டதாகவும், இன்று திருப்பிக் கொடுக்க வந்ததாகவும் ஸுஹைர் மூன்றாம் முறையாகச் சொன்னார்.

"தங்கச்சி, உங்களுக்கும் இது தெரியும்தானே? பாத்துச் சொல்லுங்க." இன்ஸ்பெக்டர் பானையை அவள் பக்கம் தள்ளினார்.

துஷாந்தி கைப்பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

அவள் கைப்பையில் ஒரு காசு இருந்தது.

நேற்று இரவு தம்பியின் சட்டையைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கசக்கும்போது பொக்கெட்டிலிருந்து விழுந்தது. கைமடிப்பில் இருந்த சிவப்பு என்னவென்று கேட்டாள். வெற்றிலைச் சாயம் என்றான். காசைக் களவெடுத்துவிட்டான் என்று மட்டும்தான் அப்போது நினைத்தாள். கறை போகாத சட்டையை மறுபடி வாளியில் ஊறவிட்டாள். காலையில் தங்கத்துரை செத்துக் கிடப்பதாகத் தொலைபேசி வந்தபோது விளங்கிவிட்டது.

அவனுக்கு அவள்தான் எல்லாம். அவளுக்கும் அவன்தான்.

நாளிதழை விரித்துப் பானையைக் கவிழ்த்தாள். பச்சைக் களிம்பு ஏறிய காசுகள் சரிந்தன. கைக்குட்டை எடுப்பதுபோல் கைப்பையில் கையை விட்டாள். விரல் இடுக்கில் இருந்த காசு சத்தமில்லாமல் குவியலில் விழுந்தது.

ஸுஹைர் நோன்புப் பெருநாளுக்குக் கொண்டுவந்த வட்டிலப்பம் நினைவுக்கு வந்தது. அந்த நினைவை விழுங்கினாள்.

"சேர், ஒரு குவியலுக்கு வயசு பாக்கிறது அதில இருக்கிற ஆக இளைய காசை வச்சுத்தான். மற்றதெல்லாம் இன்னும் பழசு." அவள் அந்தக் காசைத் திருப்பிக் காட்டினாள். "பின்னால ஒன்பது எண்டு சீனத்தில கிடக்கு. சுன்ஷி ஆட்சிக்காலம், ஒன்பதாம் ஆண்டு. ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டு."

"அதுக்கு?"

"இது நேற்று மத்தியானம்தான் தபாலில வந்தது. தங்கத்துரை அண்ணை எனக்குப் போன் பண்ணிச் சொன்னவர். கவர் மேசையில கிடக்கு, முத்திரையைப் பாருங்க. நேற்று வந்த காசு வெள்ளிக்கிழமை போன பானைக்குள்ள எப்பிடி?"

இன்ஸ்பெக்டர் கவரைப் பார்த்தார். பிறகு ஸுஹைரைப் பார்த்தார்.

ஸுஹைர் பதறவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு காசின்மேலும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவுகள். முன்னும் பின்னும். மொத்தம் நாற்பத்து மூன்று! வெள்ளி இரவே அவற்றைப் படம் பிடித்துத் தங்கத்துரையின் போனுக்கு அனுப்பியிருந்தார். போன் இன்ஸ்பெக்டரிடம்தான் இருந்தது. திறந்து பார்த்தார்.

நாற்பத்து மூன்று.

குவியலை எண்ணினார்.

நாற்பத்து நான்கு!

ஸுஹைர் அந்தக் காசை எடுத்து மூக்கருகே பிடித்தார். முகம் சுளித்தது.

"சேர், பழங்காசில தண்ணி படவே விடமாட்டம். களிம்பு போனா எல்லாம் போச்சு. இதில எழுத்து இடுக்கெல்லாம் வெள்ளையாக் கிடக்கு. மணந்து பாருங்க... சவர்க்காரம்."



"இதை இப்ப ஆர் போட்டது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

துஷாந்தி வாயைத் திறந்தாள். 'நான்தான், எல்லாம் நான்தான்' என்று சொல்லத்தான் திறந்தாள்.

வினோஜன் முந்திக்கொண்டான்.

"அக்காதான் போட்டவ சேர். என்ட கண்ணால கண்டனான். நேற்றுப் பின்னேரம் இஞ்ச வந்ததும் அவதான்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

 பிறகு மருந்துக்கடையில் மாத்திரை விவரம் சொல்வதுபோல் சொன்னாள்.

"போட்டது நான்தான் சேர். எங்கட கிணத்தடியில ஒரு பச்சை வாளி இருக்கு. அதுக்குள்ள இவன்ட சேட்டு ஊறுது. காசு அதிலதான் கிடந்தது. சிவப்புக் கறை வெத்திலை எண்டவன்."

"அதுக்கென்ன?"

"இவன் வெத்திலை போடுறேல்ல."

வினோஜன் வாசலுக்குப் பாய்ந்தான். வெளியே நின்ற கான்ஸ்டபிள் மேல் மோதி விழுந்தான்.

ஜீப்பில் ஏறுமுன் எல்லாம் கக்கிவிட்டான். பானை பல இலட்சம் போகும் என்று எண்ணி வந்திருக்கிறான். பானை இல்லை. கிழவர் சிரித்தாராம். ஆத்திரத்தில் கை சங்கிலிக் கண்ணிக்குப் போய்விட்டதாம். மேசையில் கிடந்த ஒற்றைக் காசையாவது எடுத்தானாம்.

ஸுஹைர் நாற்பத்து மூன்று காசுகளையும் ஒவ்வொன்றாகப் பானைக்குள் போட்டார். மன்னிப்புக் கேட்ட துஷாந்தியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்கட வாக்குமூலமும் வேணும் தங்கச்சி. பொய்த் தடயம் வைச்சதுக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் தலையாட்டினாள்.

பிற்பகல் மூன்று மணி. பொலிஸ் நிலையத்தின் பின்பக்கச் சிறையறை. உள்ளே போன வினோஜன் திரும்பி நின்றான்.

"சேர்... அந்தக் காசு ஒண்டு எவ்வளவு போகும்?"

"ஸுஹைரிட்டக் கேட்டனான்." இன்ஸ்பெக்டர் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைத் திருகினார். "கொத்து ரொட்டி ரெண்டு வாங்கலாமாம் தம்பி. முட்டை போடக் காசு காணாதாம்."