இரு தரப்பும் கேட்ட கோடு

வார்டு எல்லைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இப்போதெல்லாம் யாரும் தொண்டை கிழியப் பேசுவதில்லை. மேசைமேல் மனமறிவி இருக்கிறது. மனுவை அதன் வாயில் செருகி, கண்ணாடித் தட்டில் விரலை வைத்தால் போதும். மனுவில் எழுதிய காரணத்தை அடித்துவிட்டு, மனசில் இருக்கும் காரணத்தைச் சுவர்த்திரையில் எழுதிவிடும். அதை வைத்துத்தான் எல்லை வரைய வேண்டும் என்பது புதுச் சட்டம்.

செண்பகா நகர் நலச்சங்கச் செயலாளர் திருவேங்கடம் சட்டத்தை முழுசாகப் படிக்கவில்லை. வழக்கப்படி ஒரே மனுவை முந்நூற்றுப் பன்னிரண்டு நகல் எடுத்து, வீடுவீடாகக் கையெழுத்து வாங்கி வந்திருந்தார். 'வாய்க்கால் இயற்கையான எல்லை. ஆகவே வாய்க்கால்மேட்டுக் குடிசைகளை வேறு வார்டில் சேர்க்க வேண்டுகிறோம்.' வரும் தேர்தலில் அவர் கவுன்சிலருக்கு நிற்கப்போகிறார். அது மனுவில் இல்லை.

"எல்லார் சார்பாவும் நீங்களே விரல் வைங்க சார்," என்றார் அதிகாரி.

வைத்தார். திரையில் எழுத்து ஊர்ந்தது: 'பாத்திரம் தேய்க்கிறவகிட்டப் போயி கையெடுத்துக் கும்பிட்டு ஓட்டுக் கேக்கணுமா?'

திருவேங்கடம் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"மெஷின்ல ஏதோ கோளாறு," என்றார் திருவேங்கடம்.

விரல் தட்டிலேயே இருந்தது. 'கோளாறு இல்ல. நான்தான்,' என்று எழுதியது திரை.

அடுத்த மனு வாய்க்கால்மேட்டிலிருந்து. எழுந்து வந்தவள் பூங்காவனம்; பதினோரு வருஷமாகத் திருவேங்கடம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். அவளும் அதே வாய்க்காலைத்தான் எல்லையாகக் கேட்டிருந்தாள். காரணம், ஓட்டுச்சாவடி தூரம். விரலை வைத்ததும் தூரம் அழிந்தது.

'சார் நின்னா அவருக்குப் போட மனசு வராது. போடலன்னா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். வேலை போயிரும்.'

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றாள், அவள்தான் ஏதோ செய்துவிட்டதுபோல.

அதிகாரிக்குப் பரம சந்தோஷம். இரு தரப்பும் ஒரே கோட்டைக் கேட்டது அவர் பணிக்காலத்திலேயே இதுதான் முதல்முறை. "ஒரேயொரு சம்மத ரேகை, சார். முடிஞ்சுது."

திருவேங்கடம் மறுபடி விரலை வைத்தார். கேட்டது கிடைத்துவிட்டது. காது மடல் இரண்டும் சுட்டன.

"நாளைக்கு வேலைக்கு வரலாங்களா, சார்?" பின்னாலிருந்து பூங்காவனம் மெதுவாகக் கேட்டாள்.

'என்னம்மா இப்படிக் கேட்டுட்ட, நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்கிற வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. திரை வெறுமையாகக் காத்திருந்தது.

அவர் முதலில் தட்டிலிருந்து விரலை எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார்.