வலப்பக்கம் விழித்த பச்சை

இடப்பக்கம் வாடா தங்கம், இடப்பக்கம். பொன்மலர் உதட்டைக்கூட அசைக்காமல் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

உலகம் சூடேறி வெயில் முற்றிய பிறகு கூந்தன்குளம் சரணாலயத்தில் கூழைக்கடாப் பறவையின் முட்டை எதுவும் கூட்டில் பொரிவதில்லை. இட்ட அன்றே எடுத்து, கருவைக் கண்ணாடி ஓட்டுக்கு மாற்றி, குளிர்ந்த கூடத்தில் வளர்க்கிறார்கள். கருவில் எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்பதை மரபொளித் திரை வண்ணங்களாகக் காட்டும். இதயம் என்று ஒன்று உண்டாவதற்கு முன்பே, அது எந்தப் பக்கம் அமையவேண்டும் என்று சொல்கிற மரபணு இடப்பக்கத்தில் பச்சையாக ஒளிரும். பொன்மலர் தினமும் காலையில் தேடுவது அந்தப் பச்சையைத்தான்.

எழுபத்து மூன்றாம் முட்டையில் அது வலப்பக்கம் ஒளிர்ந்தது.

"என்னக்கா, அதுகிட்ட முணுமுணுப்பு? அதுக்கு இன்னும் காதே மொளைக்கலயே." மேற்பார்வையாளன் செல்வின் பின்னால் வந்து நின்றான்.

"மொளைச்ச பெறவு கேட்டுக்கிடும் சார்."

திரையைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அடங்கியது. "பக்கம் மாறிப்போச்சே. நிறுத்திருங்க."

அட்டவணைக்கு ஒத்துவராத கருவை நிறுத்தவேண்டும் என்பது சட்டம். வளர்ப்பவளின் கட்டைவிரல் ரேகை இல்லாமல் நிறுத்த முடியாது என்பதும் அதே சட்டம். இதுவரை பதினோரு முறை ரேகை வைத்திருக்கிறாள். அந்தக் கருக்களெல்லாம் தலையே உருவாகாதவை.

"உள்ளுறுப்பு எல்லாமே சேந்து பக்கம் மாறியிருந்தா ஒண்ணும் ஆகாது சார். பறக்கும், மீன் பிடிக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் வலப்பக்கந்தான்."

கல்யாணமான புதிதில் இடது மார்பில் காதை வைத்துவிட்டு, "ஏட்டி, ஒண்ணுமே கேக்கலயே" என்று பதறியவர் அவள் கணவர். இருபத்தாறு வருஷமாக வலப்பக்கமே படுக்கிறார். நினைத்தபோது இப்போதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

செல்வின் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை ஆஸ்பத்திரில எங்க வீட்டுக்காரி வயித்துப் பிள்ளைக்கும் இதே திரைதான்க்கா. இப்படிக் காட்டுச்சுன்னா, எங்ககிட்ட ரேகை கேப்பாவ."

"கேக்கத்தான் செய்வாவ."

அவன் திரையில் அந்தப் பச்சைமேல் விரலை வைத்து எடுத்தான். பிறகு அலுவலகக் குரலை வரவழைத்துக்கொண்டான். "இதுக்கு வச்சிருங்க. மேலிடத்துக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

பொன்மலர் கண்ணாடி ஓட்டின்மேல் கை வைத்தாள். கூட்டில் தாய்ப்பறவை புரட்டுவதுபோல மெல்ல அரைச்சுற்று திருப்பி வைத்தாள். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"நான் வைக்கல சார்" என்றாள், அடுத்த முட்டைக்கு நகர்ந்தபடி.