இருவர் வரிசை

நூலகக் கதவு திறப்பதற்கு முன்பே இருவர் வரிசை படிக்கட்டைத் தாண்டி நின்றது. அதில் யாரும் தனியாக நிற்பதில்லை. அண்ணன் தம்பி, மாமியார் மருமகள், அலுவலகத் தோழிகள் என்று வழியெல்லாம் வாதாடிவிட்டுத் தீர்ப்புக் கேட்க வந்த முகங்கள். நூற்பட்டியல் மேசையில் இருந்த வளனுக்கு இந்த முகங்களைப் பார்க்காமல் காலைக் காப்பி இறங்காது.

முதலில் வந்தவர்கள் தூத்துக்குடிக் கடைத்தெருவின் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள்.

"தம்பி, இவருகிட்ட நீங்களே சொல்லுங்க. அந்தக் கதையில வர்ற திருடன் கடைசில மாட்டுனானா இல்லையா?" என்றார் மக்ரூன் மிட்டாய்க் கடைக்காரர்.

"எங்க மாட்டுனான்? ரயில் ஏறித் தப்பிச்சுட்டாம்வே. எனக்கு அப்படித்தான் வந்துச்சு" என்றார் பாத்திரக் கடைக்காரர்.

"உமக்கு அப்படித்தாம்வே வரும். கள்ளத் தராசு வச்சிருக்க ஆளுக்குத் திருடன் தப்பிச்சாத்தானே தூக்கம் வரும்!"

வரிசையே சிரித்தது. வளன் ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி நீட்டினான். "ரெண்டு பேருக்கும் வந்தது இசைவுப்படிதான். மூலப்படியில அவன் மாட்டவும் இல்ல, தப்பிக்கவும் இல்ல. உள்ள போயி சேந்து படிங்க, தெரியும்."

ஊர் செல்லமாக 'தேடி' என்று அழைத்த தேடுபொறி, கேட்ட புத்தகத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்ட காலம் போய்விட்டது. இப்போது அது கேட்பவரின் நாடித்துடிப்பையும் பழைய காயங்களையும் அறிந்து, நொடியில் புத்தகத்தையே அவருக்கு இசைவாக மாற்றி எழுதித் தந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் படித்தார்கள். இரண்டு பேர் ஒரே கதையைப் படித்ததாகத்தான் இல்லை. அதனால் நூற்பட்டியலின் வேலையும் மாறிப்போனது. புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரும் அதைக் கேட்பதில்லை. எழுதியவர் எழுதியபடியே அச்சான மூலப்படி எது, அதன் எண் என்ன என்றுதான் கேட்டார்கள். தனியாகப் படிக்கத் தேடி போதும், மூலப்படி வேண்டுமென்றால் கூடப் படிக்க ஓர் ஆளோடு வரவேண்டும் என்பது நூலகத்து வழக்கம்.

கூட்டம் கரைந்த பிறகு மேசை முன் ஒற்றை ஆளாக ஒருத்தி நின்றாள். டெல்பின், வளனின் மனைவி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் சீருடையைக்கூட அவள் மாற்றியிருக்கவில்லை.

"சார், 'ஏழாவது படகு' மூலப்படி எண் வேணும்."

"என்னட்டி, சாருங்கிற? வீட்ல கேட்டா சொல்ல மாட்டனா?"

"வீட்லதான் கேட்டேனே. ஏழாவது படகும் கரைக்கு வந்திருச்சு, நல்ல முடிவுல்லான்னு. நீங்களும் ஆமான்னு தலையாட்டுனிய."

வளன் பேனாவை மூடினான். ஏதோவொரு பனித்தீவில் புயலுக்குள் போன ஏழு மீன்பிடிப் படகுகளின் கதை அது. அந்த மொழிபெயர்ப்பைப் பட்டியலில் ஏற்றியவனே அவன்தான்.

"ஆலையில எங்கூட வேலை பாக்குற மெர்லின் சோத்துல கைய வச்சுக்கிட்டு அழுதா. ஏழாவது படகு வரலியாம். வந்திருச்சேட்டின்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே... அப்புறம் யோசிச்சேன். நான் படிச்ச ஒரு கதையிலயும் கடலுக்குப் போனவங்க திரும்பாம இருந்ததே இல்ல. எனக்கு மட்டும் எல்லாரும் வந்திருதாங்க."

டெல்பின் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியில் அவள் அப்பா இருந்தார். தோணியும் வரவில்லை, அதன் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அன்றிலிருந்து தேடி அவளுடைய கதைகளில் ஒருவரையும் மூழ்க விட்டதில்லை.

"தேடி மிஷினு, அதுக்கு என்ன தெரியும்? நீங்களுமா?"

"நீ சிரிச்சுக்கிட்டே சொன்ன டெல்பின். கெடுக்க மனசு வரல."

"கேட்டா தேடியும் இதத்தான் சொல்லும்."

வளன் வழக்கத்தின் பின்னால் ஒளியப் பார்த்தான். "ஒத்தையா வந்தா நம்பர் குடுக்கக் கூடாதே."

"ரெண்டாவது ஆளு நீங்கதான். எழுதுங்க."

சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பு ஒன்றும் பட்டியலில் இருந்தது. அதில் ஏழாவது படகு தாமதமாகவேனும் வந்துவிடும். அந்த எண்ணை எழுதிக் கொடுத்தால் அவளுக்குத் தெரியவே போவதில்லை. பேனா அதன் முதல் இலக்கத்தைத் தொட்டும்விட்டது. உள்கூடத்திலிருந்து பாத்திரக் கடைக்காரரின் குரல் கேட்டது: "அட, திருடினதத் திருப்பி வைக்கல்லா போறான்!" பட்டியல் சொன்னதை நம்பி இரண்டு பேர் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொன்றில் மூலப்படி எண்ணை எழுதினான்.

உள்கூடத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தை டெல்பின் வாய்விட்டுப் படித்தாள். புயல் அடங்கியது. ஒவ்வொன்றாக ஆறு படகுகள் வந்தன. அவள் குரல் மெதுவானது. ஆறு படகுகளையும் மணலில் ஏற்றிவிட்டு, ஏழாவதன் இடத்தைக் காலியாக விட்டுப் பெண்கள் வீடு திரும்பினார்கள். அதன் பிறகு வெள்ளைத்தாள். அவள் அதையும் புரட்டிப் பார்த்தாள்.

"அப்பா வர மாட்டாங்க, என்ன?"

வாய்வரை வந்த ஆறுதலை வளன் விழுங்கிக்கொண்டான். "வர மாட்டாங்க."

அத்தனை வருடத்து அழுகையும் அப்போதுதான் வந்தது. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக் குழந்தையைப் போல விம்மினாள். அடுத்த மேசையிலிருந்த மக்ரூன் கடைக்காரர் தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துச் சத்தமில்லாமல் அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வெகுநேரம் கழித்து டெல்பின் மூக்கை உறிஞ்சியபடி ஒரு மக்ரூனை எடுத்தாள். "வெள்ளிக்கிழமைக்கு எனக்கும் அம்மாவுக்கும் இதே நம்பர்ல ஒரு சீட்டு எழுதி வைங்க."

"அத்தைக்கா?"

"அம்மாவும் இதப் படிச்சிருக்காங்க. அவங்களுக்கு அந்தப் படகு வந்துச்சா வரலியான்னு நான் ஒரு நாளும் கேட்டதே இல்ல."