கடைசிக் கூண்டுக்கு மட்டும் தாகம்

அவளுக்கு நச்சு என்று பெயர் வைத்தவர் மாமா. எந்நேரமும் கேள்வி கேட்டு நச்சரிப்பதால் வந்த பெயர் அது. அவளுடைய அம்மாவோ, மருந்துகளில் இருக்கும் நச்சுத்தன்மையை ஆராய்பவர். "அக்கா ஆராய்ச்சி பண்றதும் நச்சு, வீட்டுல வளர்க்கிறதும் நச்சு" என்று மாமா கிண்டல் செய்வார்.

மாமாவின் நோய்க்குக் கொடுத்த மருந்து மிகவும் பலமானது. அது நோயை அடக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடவும் கூடும். அதனால் அவர் ஊசி போட்டுக்கொள்ளப் போகும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் கவலையாக இருக்கும்.

சிறுநீரகத்தைக் காப்பாற்ற ஓர் இலையின் சாறு உதவுமா என்று அம்மா எலிகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். எல்லா எலிகளுக்கும் அந்த மருந்து உண்டு. கடைசிக் கூண்டு எலிகளுக்கு மட்டும் அதோடு இலைச்சாறும் உண்டு.

விடுமுறையில் நச்சுவும் அம்மாவோடு ஆய்வுக்கூடத்துக்குப் போவாள். எலிகள் இருக்கும் அறைக்குள் அவளுக்கு அனுமதி இல்லை. கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

ஒரு நாள் எலிகளின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கடைசிக் கூண்டு எலிகளின் சிறுநீரகங்கள் ஜம்மென்று வேலை செய்தன. அம்மாவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. உடனே மாமாவுக்குப் போன் செய்தார். நாளைக்கே ஆய்வாளர்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லப்போவதாகச் சொன்னார். மாமா சிரித்தது நச்சுவுக்கும் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

நச்சுவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. சொன்னால் இந்தச் சந்தோஷம் கெட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் மாமா இல்லாத ஒன்றை நம்பிக்கொண்டிருப்பாரே என்றும் இருந்தது.

"அம்மா, அந்தச் சாறு கசக்குமா?"

"பயங்கரமா கசக்கும். ஏன்?"

"சாறு குடுத்ததும் அந்த எலிங்க ஓடிப்போய்த் தண்ணி குடிக்குதுங்க. அந்தக் கூண்டு பாட்டில்தான் எப்பவும் காலியாகுது. சிறுநீரகத்துக்கு நல்லதுன்னு மாமாவையும் டாக்டர் நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னாங்கல்ல? அப்போ எலிங்களைக் காப்பாத்தினது இலையா, தண்ணியா?"

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதை யோசிக்கவே இல்லையே என்று முணுமுணுத்தார். அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து நச்சுவுக்கு அழுகை வந்தது.

"மத்த எலிங்களுக்கும் கசப்பா ஏதாவது குடுக்கலாமே அம்மா. அப்போ எல்லாமே ஒரே மாதிரி தண்ணி குடிக்கும்ல?"

அம்மா அவளை இழுத்து உச்சியில் முத்தமிட்டார். பிறகு போய், மறுநாள் கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அம்மா விஷயத்தை மாமாவிடம் சொன்னார். பெயர் வைத்த பாவத்துக்குத் தனக்கு இதுவும் வேண்டும் என்று அவர் நச்சுவின் காதைச் செல்லமாகத் திருகினார்.

சோதனை புதிதாகத் தொடங்கியது. சிறுநீரகத்துக்கு நல்லதும் கெட்டதும் செய்யாத ஒரு கசப்பை மற்ற எலிகளுக்குக் கொடுத்தார்கள். இப்போது எல்லாக் கூண்டுகளிலும் தண்ணீர் ஒரே மாதிரி குறைந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலையில் அம்மா முடிவோடு வீட்டுக்கு வந்தார். சாறு குடித்த எலிகள் இந்தத் தடவையும் மற்றவற்றைவிட நன்றாகவே இருந்தன, ஆனால் முன்பு பார்த்த அளவுக்கு இல்லை. மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன் இன்னும் எத்தனையோ சோதனைகள் பாக்கி இருந்தன.

"கொஞ்சம்தான் வித்தியாசம்" என்றார் அம்மா தயக்கத்தோடு.

மாமா நச்சுவின் பக்கம் திரும்பினார். "இந்தக் கொஞ்சம் நிஜந்தானே?"

"நிஜந்தான் மாமா."

"அப்போ அது போதும்" என்றவர், அன்று இரவு இரண்டாவது தடவையும் சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.