மிட்டு வகுத்த பிஸ்கட்

காலை மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணினி விளையாட்டைத் திறந்து மிட்டுவை எழுப்புவார்கள். மிட்டு, தரைத்திரையில் உருளும் மஞ்சள் குட்டி. முதலில் அதற்கு ஒன்றுமே தெரியாது. விளையாட்டே அதுதான். பிள்ளைகள் ஒன்றைச் செய்து காட்டுவார்கள், அது பார்த்து ஊகிக்கும், தப்பினால் திருத்துவார்கள். விதிகளை யாரும் எழுதி உள்ளே வைப்பதில்லை, பார்த்ததிலிருந்து தானே பிடித்துக்கொள்ளும். இவ்வகை நிரலுக்குக் கற்குட்டி என்று பெயர். கடைகளில் லேர்னர் என்பார்கள்.

ஆண்டு இறுதியில் தேர்வு பிள்ளைகளுக்கு இல்லை, குட்டிக்குத்தான். தேறினால் ஊர் வேலைக்குப் போகும்: தண்ணீர் திறந்துவிட, தெருவிளக்கு எரிக்க, வண்டி ஓட்ட. தேறாவிட்டால் கற்றதையெல்லாம் அழித்து, வெறும் குட்டியாகத் திருப்பித் தருவார்கள்.

மிட்டுவுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தவள் நஸ்ரின். மதிப்பீட்டாளர் கோமளா கேள்வியைத் திரையில் போட்டபோது அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு பிஸ்கட், மூன்று பேர். ஆளுக்கு எத்தனை?

"மூணு," என்றது மிட்டு.

"மக்கு மிட்டு," என்றான் பின்னாலிருந்த ஒருவன்.

"நீதாம்ல மக்கு," என்றாள் நஸ்ரின். அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நேத்துக்கூட சரியாத்தான் பிரிச்சுது மிஸ். அழிச்சிராதீங்க."

கற்குட்டியிடம் ஒரு வசதி உண்டு. கேட்டால், விடைக்கு வந்த வழியைச் சொல்லும்.

"மீதி மூணு எங்க?" என்று கேட்டார் கோமளா.

"எடுத்து வச்சிருக்கேன். ஜெரின் இன்னும் வரல."

வகுப்பே சிரித்தது. ஜெரின் தினமும் தூங்கிவிட்டுப் பிந்தி வருபவன். அவன் பங்கைத் தனியே வைத்த பிறகுதான் மற்றவர்கள் தின்பார்கள். மிட்டு பார்த்த வகுத்தல் எல்லாம் அப்படியே நடந்தது. வராத ஒருவரையும் சேர்த்துக்கொள்வதுதான் வகுத்தல் என்று அது பிடித்துக்கொண்டது.

கோமளா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஒரு தடவை திருத்தலாம்னு விதி இருக்கு. நீயே திருத்தும்மா."

நஸ்ரின் தரையில் மண்டியிட்டாள். "மிட்டு, இந்தக் கணக்குல மூணு பேருதான். எல்லாரும் வந்தாச்சு."

"நல்லா பாத்தியா?"

அவள் எதற்கும் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்துட்டேன்."

"அப்ப நாலு."

மிட்டு தேறியது. அதைப் பேருந்துப் பணிமனை கேட்டு வாங்கிக்கொண்டது. இப்போது எங்கள் ஊரில் பேருந்து கதவை மூடும் முன், "இன்னும் யாராச்சும் வரணுமா?" என்று கேட்கிறது. உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கிறார்கள். அநேகமாக, யாரோ ஒருவர் பையைப் பிடித்தபடி ஓடி வந்துகொண்டிருக்கிறார்.