மூன்று பத்துக்கு ஒரு நிழல்

"தினமும் மூணு பத்துக்கு இந்த ஜன்னல்கிட்ட உங்களுக்கு என்ன வேலை?"

யாமினி தெலுங்கில்தான் கேட்டாள். வராந்தாவில் நின்றவன் திடுக்கிட்டுத் தமிழில் பதில் சொன்னான்.

"சும்மா... நிக்கினு இருந்தேங்க."

பெரிய கண்கள். பொய் சொல்லத் தெரியாத கண்கள்... இல்லை, பொய்யை நன்றாக ஒளிக்கத் தெரிந்த கண்கள். நம்பாதே யாமினி!

திருப்பதியில் அந்தக் கல்லூரி லேபில் அவளுடைய எம்.டெக். ப்ராஜெக்ட் ஊசலாடிக்கொண்டிருந்தது. கூரையிலுள்ள எல்.இ.டி. விளக்கு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிமிட்டித் தகவல் அனுப்பும். மேஜைமேல் இருக்கும் அவளுடைய ரிசீவர் அதைப் படிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் தப்பும் தவறுமாகவே படித்தது. ஆனால் இரண்டு வாரமாக, மூன்று பத்திலிருந்து பத்தே நிமிடம் மட்டும் ஒரு பிழை இல்லை!

"அந்தப் பத்து நிமிஷத்தை நீயே எழுதிச் சேர்த்தியாம்மா?" கைடு ருக்மணி மேடம் கேட்டேவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் ப்ராஜெக்ட் ரத்து.

யாரோ மெஷினில் கை வைக்கிறார்கள். யார்? இதோ, இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்க வரும் இந்த வெதுருகுப்பத்து கோவர்த்தனன். பை நிறைய ஒயர்கள் வேறு... மேடத்திடம் சொன்னாள். மறுநாள் வாட்ச்மேன் அவனை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்.

அன்று மூன்று பத்து. வழக்கம்போல ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, புத்தூரிலிருக்கும் அப்பாவோடு, அவளுடைய நைனாவோடு, போனில் தமிழில் பேசி முடித்தாள். திரையைப் பார்த்தாள். முழுக்கப் பிழை.

ஆக, அவனேதான்! வெற்றியோடு திரும்பியவள்... அப்படியே நின்றாள்.

மேற்கு ஜன்னல் வழியே வந்த வெயில், பட்டையாக ரிசீவர்மேல் விழுந்துகிடந்தது. நேற்றுவரை இந்நேரம் அங்கே ஒரு நிழல் இருந்தது. வெயிலில் கண் கூசிய ரிசீவருக்கு, அவன் முதுகு குடை பிடித்திருக்கிறது!

ரிசீவருக்குக் கறுப்பு அட்டையில் ஒரு மறைப்பு, வெயிலை வடிகட்ட ஒரு நீல ஃபில்டர். வெள்ளிக்கிழமை மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆனால் சந்தேகம் தீரவில்லை. அவன் ஏன் நின்றான்?

பஸ் ஸ்டாண்டில், வெதுருகுப்பம் பஸ்ஸின் படியில் கால் வைத்தவனை மறித்துத் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டாள். அவன் முகம் இறுகியிருந்தது. திங்கட்கிழமை குவைத்துக்கு ஃப்ளைட்டாம். மெஷினில் கை வைத்தவன் என்ற பட்டத்தோடு போக வேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தமாம்.

"எதுக்கு நின்னீங்க? அதைச் சொல்லிட்டு ஏறுங்க."

தூறல் ஆரம்பித்தது. அவன் எங்கோ பார்த்தான்.

"எப்பவும் மொறைச்சிக்கினே இருப்பீங்க. மூணு பத்துக்கு மட்டும் 'துன்னியா நைனா?'ன்னு போன்ல கேட்டு, ஒரு சிரிப்பு சிரிப்பீங்க... அதுக்குத்தான்."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அவன் ஏறவில்லை.

"நம்பர் குடுங்க," என்றாள், ஈரத் தரையைப் பார்த்தபடி. "நைனாகிட்ட பேசினதும் உங்களைக் கூப்புடுறேன். நம்ம மூணு பத்துன்னா குவைத்துல பன்னெண்டு நாப்பது..."

"அதெப்படி அதுக்குள்ள கணக்குப் போட்டீங்க?" இப்போது அவன் சந்தேகமாகப் பார்த்தான்.

"நீங்க குவைத்துக்குப் போறதை வாட்ச்மேன் சொன்னாரு. வழியெல்லாம் அதைத்தான் போட்டுக்கினு வந்தேன்." நிமிர்ந்தாள். கண்ணோரம் அந்தச் சிரிப்பு. "அங்க சாப்பாட்டு நேரமாச்சே... துன்னீங்களான்னு நான் கேக்க வாணாமா?"