நீலமாகிப் போன தங்கம்

2006, திருவொற்றியூர். காலை பத்து மணி. கால்நடை ஆய்வுக்கூடத்து மேசையில், செக்கச்செவேலென்று இருக்கவேண்டிய தங்கக் கரைசல் நீலமாகிக் கிடந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் செங்கொடி குனிந்து பார்த்தாள். கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களாம். கட்டிக்குள் செலுத்தி வெளிச்சம் பாய்ச்சினால் சூடேறி, தோலடிக் கட்டியைப் பொசுக்கிவிடுமாம். வாசலில் கழுத்துக் கட்டியோடு படுத்திருந்தது, வியாசர்பாடி குத்துச்சண்டை கிளப்பின் செல்ல நாய் நாக்கவுட்.

"யாரோ வேணும்னே கெட்த்துட்டாங்க மேடம்," என்றான் அதை வளர்க்கும் தீனா. "நாக்கவுட் செத்துப் பூட்ச்சின்னா நா இன்னா பண்ணுவேன்?"

பாதிக் கரைசல் தனியே பத்திரமாக இருந்தது. காரணம் தெரியாமல் அதைத் தொடமாட்டேன் என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் டாக்டர் பக்தவச்சலம் ஒற்றைக்காலில் நின்றார். போட்டிக் கம்பெனியின் சதி என்று புகார் எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

செங்கொடி உதவியாளர் ஜெனியிடம் திரும்பினாள்.

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"பக்கத்துல பீக்கர்ல இருந்த தண்ணிய ஊத்தினேன் மேடம். உடனே நீலமாயிட்டு."

"எப்ப எடுத்து வச்ச தண்ணி?"

"நேத்து சாயங்காலம். சுத்தமான தண்ணிதான். கரைசலைப் பாக்க வந்த கூட்டம் 'என்னா நிறம்'னு வாயப் பொளந்துச்சு. அவங்க போனதும் நானும் கெளம்பிட்டேன்."

"பூட்டினது?"

"நான்தான்," என்றார் டாக்டர்.

மேசை ஓரம் இரண்டு வெள்ளைப் பரல்கள். செங்கொடி நசுக்கிப் பார்த்தாள். கல் உப்பு.

"தங்கத்துல உப்பு பட்டா?"

"துகளெல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிடும். நீலமாயிரும்," என்றாள் ஜெனி.

செங்கொடிக்குச் சிரிப்பு முட்டியது.

"கெடுக்க வந்தவன் உப்பைக் கரைசல்லயே கொட்டியிருப்பான். இது தண்ணியில விழுந்திருக்கு. உப்பைத் தண்ணியில கரைய விடுறது எதுக்கு? கண்ணேறு கழிக்கத்தான். டாக்டர், கடைசியா இருந்து பூட்டினது நீங்க. கரைசல் குடுவைக்கு நீங்கதான் சுத்திப் போட்டீங்க."

டாக்டரின் முகம் வெளிறிப் பிறகு சிவந்தது.

"அத்தனை பேர் கண்ணும் பட்டுச்சேம்மா. கை கழுவுற தண்ணின்னுல்ல நெனச்சேன். அதையா ஊத்தினே, ஜெனி?"

தீனா முதலில் சிரித்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. செங்கொடி புகாரைக் கிழித்துப் போட்டாள். ஜெனி புதுத் தண்ணீர் ஊற்றினாள். மிச்சக் கரைசல் நிறம் மாறவில்லை. மாலைக்குள், உடம்பின் உப்பு தாக்காமலிருக்கத் துகள்களுக்கு மேல்பூச்சு ஏற்றி, கட்டிக்குள் ஊசி போட்டு, டாக்டரே விளக்கைப் பிடித்தார்.

சில வாரங்களில் கட்டி கருகி உதிர்ந்தது. வெறும் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்த தீனா, குத்துச்சண்டை மேடையில் அடி வாங்கியும் அழாதவன், அன்று நாயைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதான்.